தீபாவளிக்கு எந்த ஆட்டிறைச்சி? ஆக்சிஜனேற்றத்தை வைத்து ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் தீபாவளி நெருங்கும்போது, ஆட்டிறைச்சி வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இன்று பல வழிகள் திறந்திருக்கின்றன. அன்று விடியற்காலையில் அறுத்த உள்ளூர் வெள்ளாட்டைக் காலைச் சந்தையில் வாங்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து, உறையவைக்காமல், காற்றகற்றிய பையில் குளிரூட்டி வந்த செம்மறியின் தொடையையோ தோள்பட்டையையோ வாங்கலாம். கட்டியாக உறைந்து வந்து, கடையில் மின்ரம்பத்தால் அறுத்துத் தரப்படும் துண்டுகளை வாங்கலாம். ஈப்போ வரை போகிறவர்கள் பேரங்காடியில் தட்டில் அடுக்கி மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய இறைச்சியையும் பார்த்து எடுக்கலாம். எது நல்லது என்ற பேச்சு வீடுகளில் பெரும்பாலும் விலையோடும், ‘புதுக்கறியா, ஐஸ் கறியா’ என்ற கேள்வியோடும் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி தவறானது அன்று; ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் நல்ல இறைச்சியைக் கழித்துவிட்டுக் கெடத் தொடங்கிய இறைச்சியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. ஆடு அறுபட்ட நேரத்திலிருந்து சட்டியில் விழும் நேரம் வரை அந்த இறைச்சியை ஆக்சிஜன் என்ன செய்தது என்பதை அளவுகோலாக வைத்து இந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

இறைச்சி கெடுவது என்றாலே கிருமிகளால் அழுகுவது என்று நினைக்கிறோம். கிருமி சிறிதும் தொடாத இறைச்சியிலும் ஆக்சிஜனேற்றம், அதாவது ஆக்சிஜன் இறைச்சியின் நிறமியோடும் கொழுப்போடும் புரதத்தோடும் வினைபுரிவது, நடக்கும். ஆடு உயிரோடு இருக்கும்வரை இரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்தபடி இருக்கிறது. அதே சமயம் அந்த ஆக்சிஜன் தசையைச் சிதைக்காதபடி வைட்டமின் ஈ-யும், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகளும் காவல் நிற்கின்றன. அறுத்து இரத்தம் வடிந்ததும் அந்தக் காவலுக்கு வந்துகொண்டிருந்த புது வரத்து நின்றுபோகிறது. தசையில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஆக்சிஜன் இல்லாமலேயே உடைந்து லாக்டிக் அமிலமாகிறது. 7-ஐ ஒட்டி இருந்த பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் மிகுதி) மெல்ல இறங்கி 5.5-ஐ ஒட்டி நிற்கிறது. அமிலம் ஏறும்போது புரதங்களோடு கட்டுண்டிருந்த இரும்பு சிறிது சிறிதாக விடுபட்டு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. கைவசம் இருக்கும் வைட்டமின் ஈ தீரும்வரை பாதுகாப்பு உண்டு. பசும்புல் மேய்ந்த ஆட்டின் தசையில் தானியத் தீவனம் தின்ற ஆட்டைவிட அந்த வைட்டமின் அதிகமாக இருக்கும் என்பதால், மேய்ச்சல் ஆட்டின் இறைச்சி நிறமும் மணமும் மாறாமல் சற்று நாள் கூடத் தாங்குகிறது.

இந்த மாற்றத்தை நாம் மூன்று இடங்களில் உணர்கிறோம்: கண்ணில், மூக்கில், பல்லில். கண்ணில் படுவது மயோகுளோபின் என்ற நிறமியின் மாற்றம். ஆக்சிஜன் இல்லாதபோது அது கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கும். ஆக்சிஜனோடு சேர்ந்ததும் பளிச்சென்ற சிவப்பாகும். அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் பழுப்பாகும். மூக்கில் படுவது கொழுப்பின் மாற்றம். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பைவிட, தசையணுக்களின் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளே முதலில் தாக்கப்படுகின்றன. ஆக்சிஜன் எளிதில் தாக்கும் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் அவற்றில் மிகுதி என்பதே காரணம். ஆகவே கொழுப்பைச் சீவி எடுத்துவிட்ட கறிக்கு இந்தக் கவலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கொழுப்பமிலங்கள் பெராக்சைடுகளாகிப் பிறகு உடையும்போது ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் வருகிற காறல் வாடை அதுதான். பல்லில் படுவது புரதத்தின் மாற்றம். தசைநார்களின் புரதங்கள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. நாட்பட நாட்பட இறைச்சியை மென்மையாக்கும் கால்பெயின் என்ற நொதியும் செயலிழக்கிறது. விளைவு, எவ்வளவு வேகவைத்தாலும் சக்கையாக நிற்கும் கறி.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். ஆட்டுக்கறிக்கே உரிய கவுச்சி வாடை ஆக்சிஜனேற்றத்தால் வருவதன்று. கொழுப்பில் இயல்பாகவே இருக்கும் கிளைத்த சங்கிலிக் கொழுப்பமிலங்கள் சிலவே அதற்குக் காரணம். முதிர்ந்த கிடாயில் அவை மிகுதி. கவுச்சி இருக்கிறது என்பதற்காக நல்ல கறியைக் கழிக்க வேண்டாம். காறல் இருக்கிறது என்றால் எத்தனை மசாலா போட்டும் ஏற்க வேண்டாம்.

முதலில் காலைச் சந்தைக் கறி. நம் பக்கத்தில் இதற்கு இருக்கும் மதிப்பு நியாயமானதே: எந்த ஆடு, யார் அறுத்தது, எப்போது அறுத்தது என்று நேரில் கேட்டறிய முடிகிறது, கொழுப்பு காறிப்போவதற்கு நேரமே இருப்பதில்லை. மணத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடு இல்லை. ஆனால் பல்லுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்குகிறது. செம்மறித் தசை அறுத்த 9 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரையிலான இடைவெளியில்தான் மிகக் கடினமாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வெள்ளாட்டிலும் விறைப்பின் போக்கு ஏறக்குறைய இதுவே. விடியற்காலை நான்கு மணிக்கு அறுத்து, ஏழு மணிக்கு வாங்கி, மதியம் சமைக்கிற கறி அந்த விறைப்புக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. நீர் வற்றச் சுருட்டி எடுக்கும் பிரட்டலுக்கு ஒன்றரை மணி நேரம் வேகவைத்தும் ‘ஆடு முத்தல்’ என்று கடைக்காரரைக் குறைசொல்லும் வீடுகளில், பல நேரம் குற்றம் ஆட்டின் வயதில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு நாள் குளிரில் வைத்திருந்தால் அதே ஆடு வேறு மாதிரி வெந்திருக்கும்.

சந்தையின் வெப்பமும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. கொக்கியில் தொங்கும் தொடையின் மேற்பரப்பைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும்: ஏழு மணிக்கு ஈரம் மினுங்கும் சிவப்பாக இருப்பது, பத்து மணிக்குள் ஓரங்களில் காய்ந்து, தோல் போலப் படிந்து, மெல்லிய பழுப்பு ஏறியிருக்கும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், வெளிச்சம், திறந்த காற்று மூன்றும் சேர்ந்தால் கிருமியும் பெருகும், ஆக்சிஜனேற்றமும் விரையும். உள்ளூர்க் கறி வாங்குவது என்று முடிவு செய்தால் சீக்கிரம் போவதும், வெட்டிப் போட்ட துண்டுகளை விடுத்துத் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ கண்முன்னே வெட்டச் சொல்லி வாங்குவதும் அவசியம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் பயந்து பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே புதுக்கறி வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நேராக ஃபிரீசரில் போடுவது நம்மிடையே பரவலான பழக்கம். விறைப்பு முடியாத தசையை உறையவைத்தால், அதில் மிச்சமிருக்கும் ஆற்றல் அப்படியே உறைந்து நிற்கிறது. உறைநிலை நீங்கும்போது அது ஒரேயடியாகச் செலவாகித் தசை கடுமையாகச் சுருங்குகிறது, நீர் கொட்டுகிறது. அந்த நீரோடு நிறமியும் இரும்பும் நொதிகளும் வெளியேறி, கிழிந்த சவ்வுகளின் மேல் பரவி, ஆக்சிஜனேற்றத்துக்கு வழி திறந்துவிடுகின்றன. புதுக்கறியாக வாங்கியது ஐஸ் கறியைவிட மோசமாகிறது. பெரிய துண்டுகளாகவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, மறுநாள் காற்றில்லாமல் இறுகச் சுற்றி உறையவைப்பது இதைத் தவிர்க்கும்.

காற்றகற்றிய பையில் வரும் குளிர்க்கறியைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன்; நம் ஊரில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பைக்குள் இருக்கும்போது இது பார்க்கச் சகிக்காது. நிறம் கருத்து ஊதாவாக இருக்கும், மூலையில் சிவந்த நீர் தேங்கியிருக்கும். பையைக் கத்தரித்ததும் புளித்தது போன்ற ஒரு நெடி அடிக்கும். இதையெல்லாம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர்களை அறிவேன். ஆனால் ஒரு தட்டில் வைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டால் நெடி கலைந்துபோகும். ஆக்சிஜன் பட்ட முகம் மெல்ல ஊதாவிலிருந்து செர்ரிச் சிவப்பாக மலரும். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டினால் வெளியே சிவப்பும் உள்ளே ஊதாவுமாக இரண்டு நிறமும் அடுக்கில் தெரியும். அந்த ஊதா, கெட்டதன் அடையாளமன்று. ஆக்சிஜன் இன்னும் தொடாத தசையின் நிறம். அரை மணி நேரம் கழித்தும் நெடி போகவில்லை, விரலில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது என்றால் மட்டுமே அது கெட்ட கறி.

இந்த முறையில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஆக்சிஜன் இல்லாததால் கொழுப்பு காறுவதும் புரதம் இறுகுவதும் பெரிதும் தடைபடுகின்றன. அதே நேரத்தில், ஆக்சிஜனால் முடக்கப்படாத கால்பெயின் நொதி தசைநார்களைத் தளர்த்திக்கொண்டே இருக்கிறது. மென்மையாகும் வேலையின் பெரும்பகுதி முதல் ஒரு வாரத்திலேயே முடிந்துவிடும். கப்பலில் வரும் வாரங்களில் அது முழுதாக நிறைவேறியிருக்கும். பூச்சியம் டிகிரியை ஒட்டிய குளிர் விடாமல் கிடைத்தால், பை பிரிக்காத செம்மறி இறைச்சி சுமார் 10 வாரங்கள் தரம் குன்றாமல் தாங்கும். நம் வீட்டுக் குளிர்பெட்டி அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதில்லை. 4 டிகிரியிலோ அதற்கு மேலோ அந்தக் காலம் வெகுவாகக் குறையும். ஆகவே வாங்கிய சில நாள்களுக்குள் சமைப்பதே முறை. பையில் அச்சிட்ட காலவரம்பு கடையின் குளிரை வைத்துச் சொன்னது, நம் சமையலறையை வைத்தன்று.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பை இறுக்கமாக இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும். ஊசிமுனைத் துளை விழுந்து சிறிதளவு காற்று புகுந்தாலும் நிலைமை தலைகீழாகிவிடும். மயோகுளோபின் மிக விரைவாகப் பழுப்பாவது ஆக்சிஜன் நிறைய இருக்கும்போது அன்று, மிகக் கொஞ்சமாக இருக்கும்போதுதான். தளர்ந்த பை, உள்ளே காற்றுக்குமிழி, எலும்பு முனையில் பழுப்புத் திட்டு இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அடுத்த பையை எடுப்பது நல்லது.

பேரங்காடித் தட்டு இதற்கு நேர் எதிர். அந்த மெல்லிய தாள் ஆக்சிஜனை உள்ளே விடுவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. விளக்கொளியில் இறைச்சி பளிச்சென்று சிவந்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம். சில நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், தட்டுக்குள் 80 விழுக்காடு வரை ஆக்சிஜன் அடைத்து விற்கிறார்கள். நிறம் நாள் கணக்கில் நிற்கும். ஆனால் அந்தச் சிவப்புக்குக் கீழே கொழுப்பும் புரதமும் விரைந்து ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. காற்றில்லாப் பையில் வைத்த அதே கறியைவிட இது கடினமாகவும் காறலாகவும் ஆகிறது என்பது பல முறை உறுதிசெய்யப்பட்ட முடிவு. அழகான கறி சுவையான கறி என்ற நம்பிக்கை உடைய வேண்டிய இடம் இதுதான். தட்டில் வாங்கியதை அன்றே சமைப்பதானால் குறையில்லை. பண்டிகைக்காக இரண்டு மூன்று நாள் வைத்திருப்பதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டோடு அப்படியே ஃபிரீசரில் வைப்பதற்கு அறவே கூடாது.

உறைந்த கறியே பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் கறி. அதை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழுத் தொடையாகவோ தோள்பட்டையாகவோ, பை கிழியாமல், பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் நிலையாக இருந்த இறைச்சி மாதக்கணக்கில் நல்ல நிலையில் இருக்கும். உறைதல் கிருமியை நிறுத்துகிறது. ஆக்சிஜனேற்றத்தை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. தண்ணீர் பனிக்கட்டியானதும், உறையாமல் மிஞ்சும் சிறிதளவு நீரில் உப்பும் இரும்பும் செறிந்து நிற்கின்றன. பனிப்படிவம் தானாகவே நீங்கும் வகைக் குளிர்பெட்டிகளில் வெப்பநிலை ஏறி ஏறி இறங்குவதால், இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து பனி ஆவியாகிப் பஞ்சு போன்ற வெளிறிய திட்டுகள் உண்டாகின்றன. அந்தத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. சமைக்கும் முன்பு வெளிறிய திட்டை வெட்டி எறிவது வீண்செலவன்று. காறல் வாடையின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

உறைந்த கறியில் நான் அஞ்சுவது ரம்பத்தை. கட்டியைக் கடையில் அறுக்கும்போது எலும்புத்தூள், மஜ்ஜை, கொழுப்புத் துகள் மூன்றும் குழைந்து ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் பூசப்படுகின்றன. மஜ்ஜையில் இரும்புள்ள நிறமி மிகுதி. அது காற்றுப் பட்டுக் கருத்துவிடுவதால்தான் இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது எலும்பின் நடு கறுப்பாகத் தெரிகிறது. ஒரே தொடையைப் பதினைந்து துண்டாக அறுக்கும்போது காற்றுப் படும் பரப்பும் பல மடங்காகிறது. அறுத்து வாங்கினால், உறைநிலை நீங்கியதும் குளிர்ந்த நீரில் தூளைக் கழுவி அன்றே சமைக்க வேண்டும். அறுத்த துண்டுகளைத் திரும்பவும் வீட்டு ஃபிரீசரில் அடுக்கி வைப்பது வேண்டாம். சேர்த்து வைப்பதற்கு வாங்குகிறவர்கள் முழுத் துண்டாகவே வாங்கி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து மெல்ல இளகச்செய்து, வீட்டிலேயே கத்தியால் வெட்டுவது நல்லது.

உறையவைக்கும் முன் ‘உப்பு மஞ்சள் போட்டு வைத்தால் கெடாது’ என்பது பலரும் சொல்வது. இதில் பாதி சரி. மஞ்சளில் உள்ள குர்க்குமின், இஞ்சி, கறிவேப்பிலை, இலவங்கம் எல்லாமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக்கூடியவை. உப்பு அப்படியன்று, அது கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் போட்ட உப்புக்கண்டத்தில் கொஞ்ச நாளில் ஏறும் அந்தத் தனி வாடையில், உப்புக்கும் வெயிலுக்கும் பங்கு உண்டு. உப்புக்கண்டத்தில் அந்த வாடையை நாம் விரும்பியே ஏற்றுக்கொண்டோம். பிரட்டலில் அது வேண்டாதது. ஆகவே உறையவைக்கும் கறிக்கு மஞ்சளும் இஞ்சிப்பூண்டு விழுதும் போதும். உப்பு சட்டிக்குப் போகும்போது சேரட்டும்.

முடிவு, எப்போது சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் வைக்கும் வீடுகளுக்கு உள்ளூர் வெள்ளாட்டையே சொல்வேன். ஆனால் படையலன்று காலையில் வாங்குவதைவிட, அதற்கு முந்தைய காலையில் வாங்கி ஓர் இரவு குளிரில் வைத்துச் சமைப்பது சிறந்தது. சூப்புக்கும் எலும்புக் குழம்புக்கும் அன்றைய கறியே போதும். நீண்ட நேரக் கொதிப்பில் விறைப்பு தோற்றுப்போகும். தீபாவளியன்று வருகிறவர் எல்லோருக்கும் விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு நூறு பேருக்குச் சமைப்பவர்கள் காற்றகற்றிய பையில் வந்த தோள்பட்டையை எடுப்பது நல்லது. மென்மை உறுதி, துண்டுக்குத் துண்டு வேறுபாடு குறைவு, மூன்று நாள் முன்பே வாங்கி வைத்தாலும் கவலையில்லை. விலை பெரிய பொருட்டாக இருந்தால், முழுத் துண்டாக உறைந்த தொடை அடுத்த இடத்தில் நிற்கிறது. ரம்பத்தால் அறுத்ததையும் தட்டுக்கறியையும் அன்றன்றைய சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கறியை வாங்கினாலும் திறந்த இல்லத்தில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. முதல் நாள் சமைத்ததை மறுநாள் சூடாக்கிப் பரிமாறும்போது வருகிற சலித்த வாடைக்கு 1958-இலேயே டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் விளக்கம் தந்தார்கள். வேகும்போது தசையணுச் சவ்வுகள் உடைந்து, நிறமியிலிருந்து இரும்பு விடுபட்டுக் கொழுப்போடு கலக்கிறது. அதனால் வெந்த கறி பச்சைக் கறியைவிடப் பன்மடங்கு விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து, குளிர்பெட்டியில் இருக்கும்போதே இரண்டு நாளுக்குள் அந்த வாடையை எட்டுகிறது. வெறும் வறுவலில் இது சீக்கிரம் தெரியும். எண்ணெய் மேலே மிதக்கும் குழம்பில் தாமதமாகும், ஏனெனில் அந்த எண்ணெய்ப் படலமும் குழம்பும் காற்றை ஓரளவு தடுக்கின்றன, மசாலாவும் உதவுகிறது. எனவே முதல் நாளே சமைக்க வேண்டியிருந்தால் அது குழம்பாகவோ பிரட்டலின் ஈரமான நிலையிலோ இருக்கட்டும். கடைசிச் சுருட்டலை விருந்தன்று காலையில் செய்யலாம். ஒரே பெரிய அண்டாவை நாளெல்லாம் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடுவதற்குப் பதில், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துச் சிறு பாத்திரங்களில் விளிம்புவரை நிரப்பி மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, விருந்தினர் வர வர ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு முறை நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறினால், மாலையில் வருகிறவருக்கும் காலையில் வந்தவர் சாப்பிட்ட அதே கறி கிடைக்கும்.